சக்கரம் தாழவும் வயிறு உயரவும்: ஆர்.சி. ராக் கிராலரின் சஸ்பென்ஷன் டிராவலும் கிளியரன்ஸும்

ரேடியோ ரிமோட்டில் ஓடும் ராக் கிராலர், அதாவது பாறைகளின்மேல் மெதுவாக ஏறும் சிறு மாதிரி வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கியவருக்கு, முதல் பாறையில் வண்டி சிக்கி நின்ற கணத்திலேயே இரண்டு ஆசைகள் எழுகின்றன. வண்டி இன்னும் உயரமாக நிற்க வேண்டும் என்பது ஒன்று. சக்கரங்கள் மேலும் கீழும் இன்னும் அதிகமாக அசைய வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது கிளியரன்ஸ் எனப்படும் தரை இடைவெளி. இரண்டாவது சஸ்பென்ஷன் டிராவல் எனப்படும் சக்கர நகர்வின் அளவு. இரண்டையும் ஒரே வழியில், அதாவது நீளமான ஷாக்குகளை (சக்கரத்தின் அசைவைத் தாங்கும், ஸ்பிரிங் சுற்றிய எண்ணெய்க் குழாய்களை) வாங்கி மாட்டுவதன் மூலம், பெற்றுவிடலாம் என்றே நானும் தொடக்கத்தில் நம்பினேன். மாட்டிய பிறகு, அதுவரை என் வண்டி அமைதியாகக் கடந்துகொண்டிருந்த ஒரு பக்கச் சரிவில் அது உருண்டு விழத் தொடங்கியது. அதன் காரணத்தைத் தேடியபோது கற்றவற்றையே இங்கே, புதியவர்களுக்குப் பயன்படும் வகையில், முறையாக எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சில சொற்கள். பரவலாகப் புழங்கும் 1/10 அளவுக் கிராலர்களின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையிலான தூரம், ஏறக்குறைய 313 மி.மீ. ஆக இருக்கும், எடை இரண்டு முதல் மூன்று கிலோ வரை வரும். இவற்றின் வேகம் மனிதன் நடக்கும் வேகம்தான். முன்னும் பின்னும் இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரை ஒரே குழாயாக நீளும் திட ஆக்ஸில்கள் இருக்கும். அந்த ஆக்ஸில்களைச் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, இணைக்கும் தண்டுகளை லிங்குகள் என்பார்கள். ஒரு ஆக்ஸிலின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கும் பற்சக்கரத் தொகுதிக்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். பெரும்பாலான கிராலர்களில் முன்னும் பின்னும் உள்ள இரு டிஃபரன்ஷியல்களும் பூட்டப்பட்டே வரும். ஆகவே ஒரே ஆக்ஸிலில் உள்ள இரு சக்கரங்களும் எப்போதும் சேர்ந்தே சுழலும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்திருங்கள். டிராவலைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும்.

கிளியரன்ஸ் ஒன்றல்ல, இரண்டு

தரை இடைவெளி என்று பொதுவாகச் சொன்னாலும், கிராலரில் அது இரண்டு தனித்தனி இடங்களில் அளக்கப்பட வேண்டியது. ஒன்று வயிற்றின் கீழ் உள்ள இடைவெளி: சேஸிஸின் நடுவே டிரான்ஸ்மிஷனைத் தாங்கும் ஸ்கிட் பிளேட்டுக்கும் தரைக்கும் இடையிலானது. மற்றொன்று ஆக்ஸிலின் கீழ் உள்ள இடைவெளி: டிஃபரன்ஷியலை மூடியிருக்கும் பருத்த பகுதிக்கும் தரைக்கும் இடையிலானது. வயிறு தரையிலிருந்து 80 மி.மீ. உயரத்தில் நிற்கும் ஒரு வண்டியில், ஆக்ஸிலின் பருத்த பகுதி அதில் பாதி உயரத்தில்கூட இல்லாமல் போகலாம். முழு அளவு வாகனத்தோடு ஒப்பிடும்போதும் இந்த வேறுபாட்டை மறந்துவிடக்கூடாது. ஜீப் ராங்லர் ரூபிகானின் தரை இடைவெளி சுமார் 27 செ.மீ.; அதைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் 27 மி.மீ. வரும். நம் கிராலரின் 80 மி.மீ. வயிற்றை இந்த எண்ணோடு நேராக ஒப்பிடுவது பொருந்தாது. ஆக்ஸிலின் கீழ் உள்ள அளவைத்தான் அதனோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது ஏன் இவ்வளவு முக்கியம்? நீளமான ஷாக்கோ கடினமான ஸ்பிரிங்கோ வயிற்றைத்தான் உயர்த்தும். ஆக்ஸிலை ஒரு மில்லிமீட்டர்கூட உயர்த்தாது. ஆக்ஸில் சக்கர மையத்தில் பொருத்தப்பட்டிருப்பதால் அதன் உயரத்தைத் தீர்மானிப்பது டயரின் ஆரம் மட்டுமே. டயரின் விட்டம் 110 மி.மீ. என்றும், ஆக்ஸிலின் பருத்த பகுதி மையத்திலிருந்து கீழே 22 மி.மீ. தொங்குகிறது என்றும் வைத்துக்கொண்டால், டயர் சற்றும் நசுங்காத நிலையில் அதன் கீழ் 33 மி.மீ. இடைவெளி கிடைக்கும். 120 மி.மீ. டயரை மாட்டினால் அது 38 மி.மீ. ஆகும். விட்டத்தில் 10 மி.மீ. கூட்டினால் கையில் கிடைப்பது 5 மி.மீ. மட்டுமே. டிஃபரன்ஷியல் கல்லில் மாட்டி நிற்கும் வண்டிக்குச் சேஸிஸை உயர்த்திப் பயனில்லை.

டயரைப் பெரிதாக்காமல் ஆக்ஸிலை உயர்த்தும் வழி போர்ட்டல் ஆக்ஸில். இதில் ஆக்ஸில் குழாய் சக்கர மையத்துக்கு மேலே செல்கிறது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ள ஒரு சிறிய பற்சக்கரப் பெட்டி, சுழற்சியை மேலிருந்து கீழே இறக்கிச் சக்கரத்துக்குத் தருகிறது. ஜெர்மனியில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேளாண்மைக்காக உருவான உனிமாக் வண்டியின் அடையாளமே இந்த அமைப்புத்தான். ஆர்.சி. உலகில் 2017 இல் வெளிவந்த டிராக்ஸஸ் டி.ஆர்.எக்ஸ்-4 இதைப் பரவலாக்கியது. போர்ட்டலுக்கு வேறொரு நன்மையும் உண்டு. அதற்குப் பின்னர் வருகிறேன்.

சஸ்பென்ஷன் அமுங்கும்போது என்ன நிகழ்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும் சுதந்திர சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு பிணைக்கப்பட்டிருப்பதால், வண்டி அமுங்க அமுங்க அதுவும் தரையை நெருங்குகிறது. திட ஆக்ஸிலில் சேஸிஸ் எவ்வளவு தாழ்ந்தாலும் டிஃபரன்ஷியலின் உயரம் மாறுவதில்லை. அது தவிர, ஒரு பக்கச் சக்கரம் கல்லின்மேல் ஏறும்போது ஆக்ஸில் முழுவதும் ஏற்றக்கோல் போல ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்வதால், தாழ்ந்த சக்கரம் தரையைத் தேடிச் செல்கிறது. மெதுவாகப் பாறை ஏறும் வண்டிகளில் திட ஆக்ஸிலே நிலைத்துவிட்டதற்கு இந்த இரண்டும் பெரிய காரணங்கள்.

வயிற்றின் இடைவெளி தனியாக நின்று பயன்தருவதில்லை. வீல்பேஸோடு சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும். கூர்மையான முகடு ஒன்றைக் கடக்கும்போது முன் சக்கரங்கள் ஒரு புறமும் பின் சக்கரங்கள் மறுபுறமும் இறங்கியிருக்க, நடு வயிறு முகட்டில் தட்டாமல் இருக்க வேண்டும். வயிறு தட்டாமல் கடக்கக்கூடிய உச்சக் கோணத்தைத் தோராயமாகக் கணக்கிட, இடைவெளியின் இரு மடங்கை வீல்பேஸால் வகுத்து, அந்த விகிதத்துக்குரிய டேன்ஜென்ட் கோணத்தை இரட்டிப்பாக்கலாம். 313 மி.மீ. வீல்பேஸும் 80 மி.மீ. வயிறும் உள்ள வண்டிக்கு இது 54 பாகை. வயிற்றை 10 மி.மீ. உயர்த்தினால் ஏறத்தாழ 60 பாகை. உயர்த்தாமல் வீல்பேஸை 285 மி.மீ. ஆகக் குறைத்தாலும் கிட்டத்தட்ட 59 பாகை கிடைத்துவிடும். ஆனால் குட்டையான வண்டி செங்குத்தான ஏற்றத்தில் எளிதாகப் பின்னோக்கிக் கவிழும் என்பதால், அந்த வழியும் இலவசமாகக் கிடைப்பதன்று. முகட்டில் தட்டுவது ஸ்கிட் பிளேட் மட்டுமல்ல என்பதையும் கவனியுங்கள்: ஸ்கிட்டிலிருந்து ஆக்ஸிலுக்குத் தாழ்ந்து செல்லும் கீழ் லிங்குகளும் கல்லில் உரசி வண்டியை நிறுத்திவிடும். நடுவே மேல்நோக்கி வளைக்கப்பட்ட லிங்குகள் விற்கப்படுவது இதற்காகவே. செலவு குறைந்த மாற்றங்களில் உடனடியாகப் பலன் தெரிவது இதுதான் என்பது என் அனுபவம்.

டிராவல்: மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு

ஷாக்கின் தண்டு முழுமையாக வெளியே நீண்ட நிலைக்கும் முழுமையாக உள்ளே சென்ற நிலைக்கும் இடையே சக்கரம் நகரும் மொத்தத் தூரமே டிராவல். இந்த மொத்தத்தை வண்டி சும்மா நிற்கும் நிலை இரண்டாகப் பிரிக்கிறது. அந்த நிலையிலிருந்து சக்கரம் மேல்நோக்கிச் செல்லக்கூடியது அப் டிராவல். கீழ்நோக்கித் தொங்கக்கூடியது டிரூப். இரண்டு வண்டிகளின் மொத்த டிராவல் ஒன்றாகவே இருந்தாலும், ஒன்று ஏறக்குறைய முழு டிரூப்போடும் மற்றொன்று ஏறக்குறைய முழு அப் டிராவலோடும் நின்றால், பாறையில் அவை முற்றிலும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்.

மிருதுவான ஸ்பிரிங் போட்டால் வண்டி தன் எடையாலேயே தாழ்ந்து அமர்கிறது. டிரூப் கூடுகிறது, வயிற்றின் இடைவெளி குறைகிறது. கடினமான ஸ்பிரிங் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கிறது. இடைவெளி கூடுகிறது, ஆனால் பள்ளத்தில் இறங்கும் சக்கரத்துக்குத் தொங்குவதற்கு இடமிருப்பதில்லை. ஒரே ஷாக்கை வைத்துக்கொண்டு கிளியரன்ஸையும் டிரூப்பையும் ஒருசேரக் கூட்ட முடியாது என்பதை இதிலிருந்து காணலாம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவர் மற்ற எல்லாவற்றையும் தாமே யோசித்து அறிந்துவிடலாம்.

சில மில்லிமீட்டர் ஷாக் நகர்வு சக்கரத்தில் எவ்வளவாகப் பெருகுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு ஆக்ஸிலில் இரு ஷாக்குகளும் ஒன்றுக்கொன்று 110 மி.மீ. தள்ளிப் பொருத்தப்பட்டுள்ளன, இரு டயர்களின் மையங்களும் 190 மி.மீ. தள்ளி உள்ளன என்று கொள்வோம். இடது ஷாக் 20 மி.மீ. அமுங்கி, வலது ஷாக் 20 மி.மீ. நீண்டால், ஆக்ஸில் சேஸிஸோடு ஒப்பிடுகையில் 20 பாகை சாய்கிறது. அப்போது இரு டயர்களுக்கும் இடையிலான உயர வேறுபாடு ஏறத்தாழ 65 மி.மீ. ஆகும். ஷாக்குகளை ஆக்ஸிலின் மையத்தை நோக்கி உள்ளே நகர்த்தினால் இந்தச் சாய்வு இன்னும் கூடும். ஆனால் பக்கவாட்டில் வண்டியைத் தாங்கும் வலிமை அதே அளவில் குறையும்.

ஷாக்கைச் சாய்த்துப் பொருத்துவதும் இதே போன்றது. செங்குத்தாக நிற்கும் ஷாக்கின் தண்டு 25 மி.மீ. நகர்ந்தால் ஆக்ஸிலும் 25 மி.மீ. நகரும். அதை 30 பாகை சாய்த்தால் அதே 25 மி.மீ. நகர்வு ஆக்ஸிலில் ஏறத்தாழ 29 மி.மீ. ஆகிறது, 45 பாகை சாய்த்தால் 35 மி.மீ. அதற்கு ஈடாக ஸ்பிரிங்கின் பலம் குறைகிறது: 30 பாகையில் முக்கால் பங்கு, 45 பாகையில் பாதி. ஷாக்கின் மேல்முனையைத் தாங்கும் ஷாக் டவரில் பல துளைகள் கொடுக்கப்பட்டிருப்பது இந்தச் சரிசெய்தலுக்காகத்தான்; புதிய பாகம் எதையும் வாங்காமல் ஒரு திருகாணியை இடம்மாற்றுவதன் மூலமே நீங்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

முழு அளவு வாகனங்களின் நெகிழ்வை அளக்க ஒரு பழக்கமான முறை உண்டு. 20 பாகை சாய்ந்த ஒரு சரிவுப் பலகையில் ஒரு பக்க முன் சக்கரத்தை மட்டும் ஏற்றிச் சென்று, ஏதேனும் ஒரு சக்கரம் தரையை விட்டு எழும் வரை அது பலகையில் ஏறிய தூரத்தை வீல்பேஸால் வகுத்து 1000 ஆல் பெருக்குவார்கள். நம் வண்டி 313 மி.மீ. வீல்பேஸோடு பலகையில் 280 மி.மீ. ஏறினால் அதன் எண் 895 ஆகும். அந்தச் சக்கரம் அப்போது தரையிலிருந்து சுமார் 96 மி.மீ. உயரத்தில் இருக்கும். வீட்டில் ஒரு பலகையும் சில புத்தகங்களும் இருந்தால் இதைச் செய்துவிடலாம். படமெடுத்து வைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் ஒப்பிட வசதியாக இருக்கும்.

ஆனாலும் இந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது. முழு அளவு வாகனத்தில் டிஃபரன்ஷியல் பூட்டப்படாமல் இருந்தால், ஒரு சக்கரம் அந்தரத்தில் எழுந்தவுடன் சுழற்சி முழுவதும் அந்தச் சக்கரத்துக்கே ஓடிவிடும், வண்டி நின்றுபோகும். அதனால் அங்கே சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பதே பெரும் காரியம். நம் கிராலரில் டிஃபரன்ஷியல் பூட்டப்பட்டிருப்பதால், ஒரு சக்கரம் எழுந்தாலும் அதன் இணை தொடர்ந்து இழுக்கும். ஆகவே இங்கே டிராவலின் உண்மையான பயன், சேஸிஸ் தள்ளாடாமல் நிதானமாக இருப்பதும், நான்கு டயர்களும் எடையைப் பகிர்ந்துகொள்வதுமே. கடினமான ஸ்பிரிங்கோடு நீண்டு தொங்கும் சக்கரம் தரையை வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கலாம். அதன்மேல் எடை ஏறவில்லை என்றால் அதற்குப் பிடிமானமும் இல்லை. தரையைத் தொடும் சக்கரத்தின் கீழ் ஒரு தாளைச் செருகி இழுத்துப் பாருங்கள். எளிதாக வந்துவிட்டால் அந்த டிராவல் கண்ணுக்கு மட்டுமே உரியது.

உயரத்துக்குக் கொடுக்கும் விலை

என் வண்டி சரிவில் உருண்டதற்கான காரணத்துக்கு இப்போது வரலாம். ஒரு வண்டி பக்கவாட்டில் எந்தச் சாய்வு வரை கவிழாமல் நிற்கும் என்பதை, டயர்களின் வெளி விளிம்புக்கு இடையிலான அகலத்தில் பாதியும் ஈர்ப்பு மையத்தின் உயரமும் தீர்மானிக்கின்றன. பாதி அகலம் 120 மி.மீ., ஈர்ப்பு மையம் 90 மி.மீ. உயரத்தில் என்றால் அந்த எல்லை 53 பாகை. ஈர்ப்பு மையத்தை 15 மி.மீ. மட்டும் உயர்த்தினால் அது 49 பாகைக்குக் கீழே வந்துவிடுகிறது. இதுவும் சஸ்பென்ஷன் அசையவே அசையாது என்று வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் சரிவில் கீழ்ப்பக்க ஸ்பிரிங்குகள் அமுங்குகின்றன, மேல்பக்க ஸ்பிரிங்குகள் நீள்கின்றன, சேஸிஸ் கீழ்நோக்கி மேலும் சாய்கிறது. அதனால் வண்டி கணக்கு சொல்வதற்கு முன்னரே கவிழ்கிறது. நான் மாட்டிய நீளமான ஷாக்குகள் வயிற்றை உயர்த்தியதோடு, கீழ்ப்பக்கம் அமுங்குவதற்கான இடத்தையும் கூட்டியிருந்தன.

செங்குத்தான ஏற்றத்திலும் இதே தீமை வேறு வடிவில் வருகிறது. வண்டி மேல்நோக்கி நிமிரும்போது எடை பின் ஆக்ஸிலுக்கு மாறுகிறது. சுமை குறைந்த முன் ஸ்பிரிங்குகள் நீண்டு சேஸிஸின் முன்பகுதியைத் தூக்குகின்றன. அதனால் ஈர்ப்பு மையம் இன்னும் பின்னே செல்கிறது. ஸ்பிரிங்கின் தள்ளுதல் இல்லாமல், ஆக்ஸில் தன் எடையாலேயே தொங்கும்படி அமைக்கும் டிரூப் செட்டப் என்ற முறை போட்டி வண்டிகளில் விரும்பப்படுவதற்கு இது காரணம். அதில் சேஸிஸ் ஏறக்குறைய முழுவதும் தாழ்ந்து அமர்ந்திருக்கும். டிராவல் அனைத்தும் கீழ்நோக்கியே இருக்கும். வயிறு தாழ்ந்திருந்தாலும் ஈர்ப்பு மையமும் தாழ்ந்திருப்பதால், அத்தகைய வண்டி அச்சமூட்டும் சாய்வுகளிலும் ஒட்டிக்கொண்டே செல்லும். தட்டையான, வழுவழுப்பான ஸ்கிட் பிளேட் இருந்தால் முகட்டில் வயிறு உரசினாலும் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. என்னைக் கேட்டால், 10 மி.மீ. கூடுதல் உயரத்தைவிட ஒரு வழுக்கும் வயிறு மேலானது.

இனி, மோட்டாரின் முறுக்கம். மோட்டார் சேஸிஸில் இருந்துகொண்டு, நடுத் தண்டுகள் எனப்படும் நீளத் தண்டுகள் வழியாக ஆக்ஸில்களைச் சுழற்றுவதால், திடீரென விசையைக் கூட்டும்போது எதிர்விசையாகச் சேஸிஸ் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது. மிருதுவான ஸ்பிரிங்கும் மிகுந்த டிராவலும் உள்ள வண்டியில் இந்தத் திருகல் மிகத் தெளிவாகத் தெரியும். ஒரு சக்கரம் எடையிழந்து சுழலத் தொடங்கும். போர்ட்டல் ஆக்ஸிலின் இரண்டாவது நன்மை இங்கேதான் இருக்கிறது. வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பற்சக்கர வேலையின் ஒரு பகுதி சக்கரத்தின் அருகிலேயே நடப்பதால், நடுத் தண்டுகள் சுமக்க வேண்டிய முறுக்கு விசை குறைகிறது. சேஸிஸின் திருகலும் அதற்கேற்பக் குறைகிறது. போர்ட்டல் இல்லாதவர்கள் ஷாக்கில் சற்றுக் கெட்டியான எண்ணெய் ஊற்றுவதன் மூலம் இந்த அசைவை மெதுவாக்கலாம், ஆனால் முற்றிலும் நீக்க இயலாது.

டிராவலைக் கூட்டுவதற்கு வெறும் இயந்திர எல்லைகளும் உண்டு. டயர் மட்கார்டில் உரசக்கூடாது. லிங்குகளின் முனை மூட்டுகள் திரும்பும் எல்லையைத் தாண்டி இறுகக்கூடாது. ஆக்ஸில் மிகவும் தொங்கும்போது நடுத் தண்டின் கோணம் செங்குத்தாகி மூட்டு கழன்றுவிடக்கூடாது. இவற்றில் எது முதலில் வருகிறதோ அங்கேயே உங்கள் வண்டியின் டிராவல் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நீளும் ஷாக்கை வாங்குவது பாகங்களை உடைப்பதற்கே வழிசெய்யும்.

முதல் சரிசெய்தல்

புதிய வண்டியை எடுத்தவுடன் எதையும் வாங்காமல், பேட்டரியையும் மேற்கூட்டையும் மாட்டிய நிலையில் சமதளத்தில் வைத்து, சற்று அழுத்தி விட்டு, அது தானாக அமரும் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சேஸிஸை மெதுவாகத் தூக்கி, சக்கரங்கள் தரையை விட்டு எழும் கணத்தில் வயிற்றின் உயரத்தை மீண்டும் அளக்கவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் டிரூப். அடுத்து ஷாக் முழுவதும் அமுங்கும் வரை அழுத்தி அளந்தால், முதல் அளவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அப் டிராவல். மொத்தத்தில் பாதி அல்லது அதற்குச் சற்று அதிகமாக டிரூப் இருக்கும்படி ஸ்பிரிங்கின் இறுக்க வளையத்தைத் திருப்புவதிலிருந்து தொடங்குவதே எனக்கு உவப்பானது. வளையம் முழுவதும் தளர்ந்த பிறகும் வண்டி நிமிர்ந்தே நின்றால், அடுத்த மிருதுவான ஸ்பிரிங்கை மாட்ட வேண்டும்.

அதன் பின்னர் பலகைச் சோதனையையும், வண்டியைப் பக்கவாட்டில் வைத்துப் பலகையை மெல்ல உயர்த்தும் கவிழ்வுச் சோதனையையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள். கவிழ்வுச் சோதனையில் பலகை வழுக்கினால் அதன்மேல் உப்புத்தாளை ஒட்டிக்கொள்ளலாம். மேல்பக்க டயர்கள் எழும் கோணத்தைக் குறித்துவைத்து, ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, இரண்டு சோதனைகளையும் திரும்பச் செய்து பாருங்கள். பேட்டரியைச் சேஸிஸின் முன்பகுதியில் தாழ்வாக இடம்மாற்றுவது, ஆக்ஸில் முனைகளில் பித்தளை எடைகளைச் சேர்ப்பது போன்றவை, டிராவலைத் தொடாமலேயே கவிழ்வுக் கோணத்தை உயர்த்துவதை அப்போது எண்ணாகவே காண்பீர்கள். ஷாக்கை மாற்றும் எண்ணம் அதன் பிறகும் இருந்தால், ஒரு ஷாக்கின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஆக்ஸிலைக் கையால் முழுவதும் தொங்கவிட்டு, நடுத் தண்டின் மூட்டுகளில் இன்னும் எத்தனை மில்லிமீட்டர் இடம் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்குச் செல்லுங்கள்.